தினக்கணக்கா, ஒரே மூச்சா?

கதை எழுதக் கிளம்பியவர்களுக்கு முதல் வருடத்திலேயே இந்தச் சண்டை வந்துவிடும். தினமும் இத்தனை சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதுவதா, கதை உள்ளே முட்டும்வரை காத்திருந்து ஒரே அமர்வில் இறக்கிவைப்பதா? இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்தவன் நான். இரண்டிலும் தோற்றிருக்கிறேன், தோற்ற விதம்தான் வேறு.

கணக்குக் கட்சிக்குத் தலைவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். இதைக் கேட்டதும் அந்த 250 மட்டும் நம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. முதல் அரை மணி நேரம் அவர் முந்தைய நாள் எழுதியதைப் படித்தார் என்பதை விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் சூட்சுமமே அங்கேதான். நேற்றைய பக்கம் காதில் விழாமல் இன்றைய பக்கத்தைத் தொடங்கினால், திங்கட்கிழமை முரடனாக இருந்தவன் செவ்வாய்க்கிழமை தத்துவம் பேசுவான்.

எதிர்க்கட்சியில், ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா. 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்கு உட்கார்ந்தவர், மறுநாள் காலை 6 மணிக்கு 'தீர்ப்பு' கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கால்கள் விறைத்துப்போய் மேசைக்கு அடியிலிருந்து இழுப்பதே பெரும்பாடாகிவிட்டது என்றும், எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்றும் நாட்குறிப்பில் குறித்துவைத்தார். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மனிதரின் மூன்று நாவல்களும் முடியாமலே நின்றுபோயின. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஒரு சிறுகதை ஓர் இரவுக்குள் அடங்கும், நாவல் அடங்காது.

சரி, கணக்கு முறையின் கள்ளத்தனத்துக்கு வருகிறேன். இரவு 11 மணிக்கு இன்னும் 80 சொற்கள் பாக்கி என்றால், கதவைத் திறந்து வந்தவன் நலம் விசாரிப்பான், நாற்காலியை இழுத்துப் போடுவான், தண்ணீர் கேட்பான். தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. 'போய்க்கொண்டிருந்தான்' என்று எழுதினால் ஒரு சொல். உடைத்துப் 'போய் கொண்டு இருந்தான்' என்றால் மூன்று. ஒரு மாதம் முழுக்க நான் வினைச்சொற்களை உடைத்தே இலக்கை எட்டினேன். ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் என்ற சவால் 1999 ஜூலையில் தொடங்கி, அடுத்த ஆண்டு நவம்பருக்கு மாறி, பல நாடுகளுக்கும் பரவியது. நாளுக்கு 1,667 வருகிறது. ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு அது. ஒட்டி ஒட்டி நீளும் நம் சொற்களில் அதே எண்ணைத் துரத்தினால் மூச்சு வாங்கும். சொல் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்வது என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் என் வினைச்சொற்கள் மறுபடி ஒட்டின.

ஒரே மூச்சு முறையின் நோய் காத்திருப்பு. இன்னும் முட்டவில்லை என்று சொல்லிச் சொல்லியே நான்கு மாதம் ஓட்டலாம். அதற்குள் புத்தக அலமாரி அழகாக அடுக்கப்பட்டிருக்கும்.

கதை திரும்பி வரும் விஷயத்தில் மட்டும் தயங்காமல் கணக்குக் கட்சிக்கே என் ஓட்டு. வருடத்துக்கு இரண்டே கதை எழுதிய காலத்தில், ஓர் இதழ் ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு ஒரே வரியில் வேண்டாம் என்றது. கைவசம் இருந்ததில் பாதி போய்விட்டதே என்று பல வாரம் பேனாவைத் தொடவில்லை. தினமும் எழுதிக்கொண்டிருந்தபோதும் அதே மாதிரி பதில் வந்தது. அன்று பாதியில் நின்ற காட்சி ஒன்று மேசையில் கிடந்தது. வலித்தது, ஆனால் சாயங்காலம் வரைதான்.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது: சிறுகதை என்றால் ஒரு விடுமுறை நாளைக் காலியாக வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் முதல் வரைவு. நாவலுக்கு தினம் ஒரு மணி நேரம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிகிற இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்ன உபாயம். நேற்று நான் நிறுத்தியது, அவள் கடிதத்தைப் பிரிக்கப்போன இடத்தில். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.