பேன் சீப்பா, பெர்மெத்ரின் மருந்தா?

பேன் பறப்பதுமில்லை, தாவுவதுமில்லை; கோடை விடுமுறையில் உறவுப் பிள்ளைகள் ஒரே பாயில் தலையோடு தலை சேர்த்து உறங்கும்போது அது எளிதில் ஊர்ந்து பரவிவிடுகிறது. கூந்தலைப் பின்னி முடிவதும், வாரம் ஒருமுறை தலை பார்ப்பதும் நல்ல காப்பு.

கண்டறிதல்: இதில் சீப்புக்கு நிகரில்லை. ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, காதின் பின்புறத்திலும் பிடரியிலும் அடிமுடியிலிருந்து வாரி, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் சிறு பேனும் தெரிந்துவிடும். பொடுகு தட்டினால் உதிரும். ஈர் முடியோடு ஒட்டியே நிற்கும்.

செலவு: சீப்பை ஒருமுறை வாங்கினால் போதும், மருந்தைப் பேன் உள்ள ஒவ்வொருவருக்கும் வாங்க வேண்டும்.

உழைப்பு: மூன்று நாளுக்கு ஒருமுறையாக இரண்டு வாரமாவது வார வேண்டும், அடர்ந்த நீண்ட கூந்தலில் அது உண்மையாகவே கடினமான வேலை. 1 சதவீத பெர்மெத்ரினோ 10 நிமிடத்தில் அலசிவிடக்கூடியது. ஆயினும் ஈர்கள் அனைத்தையும் அது கொல்லாததாலும், அவை 7 முதல் 10 நாட்களில் பொரிவதாலும், 9ஆம் நாள் அளவில் மறுமுறை பூச வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு: இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு மருந்து கூடாது. மண்ணெண்ணெயை எந்தப் பிள்ளையின் தலையிலும் தயவுசெய்து தடவாதீர்கள்.

கைக்குழந்தைக்கும், குறைந்த முடியுள்ள பிள்ளைக்கும் சீப்பே போதும். உயிருள்ள பேன்கள் நிறைந்த அடர்ந்த கூந்தலுக்கு மருந்தும் சீப்பும் சேர்ந்தே தேவைப்படும்.