டைவர் மெடிக் படிப்பு: அமெரிக்கச் சான்றிதழா, ஐஎம்சிஏ அங்கீகாரமா?

கடலடியில் வேலை செய்யும் டைவர்களுக்கு அந்த இடத்திலேயே அவசர சிகிச்சை தருபவர் டைவ் மெடிக்கல் டெக்னீஷியன், அதாவது டிஎம்டி. அப்படி ஆக விரும்புகிறவர்கள் முன்னால் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, டைவிங், அழுத்த மருத்துவத் தொழில்நுட்பத்துக்கான அமெரிக்காவின் என்பிடிஹெச்எம்டி வாரியம் தரும் சான்றிதழ். மற்றது, லண்டனில் தலைமையகம் உள்ள ஐஎம்சிஏ என்ற கடல்சார் ஒப்பந்ததாரர் சங்கம் அங்கீகரித்த டைவர் மெடிக் படிப்பு. எது உசத்தி என்று கேட்பதைவிட, இப்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், மருத்துவப் பக்கமா டைவிங் பக்கமா என்று பார்த்துக்கொள்வது பயன்தரும். இரண்டு வழிகளும் வேறு வேறு ஆட்களை மனதில் வைத்து வளர்ந்தவை.

அமெரிக்க முறை பெரும்பாலும் ஆம்புலன்ஸ் பணிக்கான அவசர சிகிச்சைப் பயிற்சியை முன்பே முடித்தவருக்கு ஏற்றது. நாடி பார்க்க, ஊசி போட, மூச்சுக்குழாயைக் காப்பாற்றத் தெரிந்த ஆளுக்கு அழுத்த மருத்துவத்தைக் கூடுதலாகச் சொல்லித் தருகிறார்கள். இதே வாரியம் மருத்துவமனை சேம்பர்களில், அதாவது அழுத்தம் ஏற்றும் மூடிய அறைகளில், வேலை செய்பவர்களுக்கு சிஹெச்டி என்ற தனிச் சான்றிதழும் தருகிறது. ஆறாத சர்க்கரைப் புண், கார்பன் மோனாக்சைடு விஷம் போன்றவற்றுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் இடங்கள் அவை. பின்னாளில் கடலை விட்டுக் கரையேறும் எண்ணம் இருந்தால் இந்த வழி கைகொடுக்கும்.

ஐஎம்சிஏ முறை நேர் எதிர். இங்கே வருபவர் ஏற்கெனவே கமர்ஷியல் டைவர். சுமார் இரண்டு வாரத்தில் அவரை மருத்துவரின் கைகளாக மாற்றுவதுதான் நோக்கம். டைவரையே ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாள்கணக்கில் அழுத்த அறையிலேயே தங்கிச் செய்யும் சாச்சுரேஷன் டைவிங்கைப் பார்த்தால் காரணம் புரியும். 100 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் வாழும் குழுவை வெளியே கொண்டுவர ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். உள்ளே ஒருவருக்கு மார்பில் அடிபட்டால் மருத்துவர் கதவைத் திறந்துகொண்டு போக முடியாது. அவர் தொலைபேசியில் இருப்பார், கை வைப்பவர் உள்ளே இருக்கும் சக டைவர். அதனால் நல்ல பள்ளிகள் நரம்பு மண்டலப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும். காலில் எந்த இடத்திலிருந்து உணர்ச்சி இல்லை, எப்போதிலிருந்து, கூடுகிறதா குறைகிறதா என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாத டிஎம்டியால், மறுமுனையில் இருக்கும் நிபுணரும் பாதிக் குருடர்தான்.

சரி, ஒரே அங்கீகாரம் உள்ள இரண்டு பள்ளிகளில் எதில் சேர்வது? என் கணக்கில் முதல் இடம் சேம்பருக்கு. அதைச் சுற்றிக் காட்டிவிட்டு வகுப்பறைக்குத் திரும்பும் பள்ளியும் உண்டு, மாணவரை உள்ளே உட்கார வைத்து அழுத்தம் ஏற்றி வேலை வாங்கும் பள்ளியும் உண்டு. வித்தியாசம் சின்ன விஷயங்களில் தெரியும். அழுத்தம் ஏறும்போது சலைன் குழாயில் சொட்டு விழும் சிறு குப்பியில் உள்ள காற்று சுருங்கி, நீர்மட்டம் உயர்ந்து, சொட்டு எண்ண முடியாமல் போகும். இறங்கும்போது அதே காற்று விரிந்து நோயாளியின் ரத்தக்குழாயை நோக்கிப் போகப் பார்க்கும். தண்டுவடம் பாதித்த டைவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டால், அதன் பலூனைக் காற்றால் அல்ல, தண்ணீரால் நிரப்ப வேண்டும். கரையில் நுரையீரலிலிருந்து வரும் சின்னக் காற்றுக் கசிவாக இருப்பது, சேம்பர் அழுத்தத்தைக் குறைக்கும்போது உயிரைக் குடிக்கும் அளவுக்கு விரியலாம். இதையெல்லாம் ஸ்லைடில் படித்தவரும் கையால் செய்தவரும் ஒன்றல்ல.

டைவிங் அழுத்த நோய்க்குச் சேம்பரில் தரும் சிகிச்சையின் கால அட்டவணையான அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் அட்டவணை இரு வழிகளிலும் வரும்: 18 மீட்டருக்குச் சமமான அழுத்தத்தில் 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் காற்று என்று மாறி மாறித் தொடங்கி, பிறகு 9 மீட்டரில் இன்னும் நீண்ட சுற்றுகள், மொத்தம் 4 மணி 45 நிமிடம். முழு ஓட்டத்தையும் உள்ளே ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். ஆக்சிஜன் நச்சு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மருத்துவமனை நேரம். ரப்பர் கையில் ஐம்பது முறை ஊசி குத்துவதைவிட, அவசரப் பிரிவில் பயந்து நடுங்கும் நிஜ மனிதருக்கு ஐந்து முறை குத்துவது மேல். இங்கே டைவிங் பக்கத்திலிருந்து வருபவர் கறாராக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் அனுபவம் உள்ளவருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. பாடத்தை ஆன்லைனில் படிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. செய்முறையும் ஆன்லைன் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் ஆக்சிஜன், முதலுதவிப் படிப்புகளையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். பொழுதுபோக்கு டைவிங் சொல்லித் தருபவருக்கு அவை போதும், டிஎம்டிக்கு மாற்று அல்ல.

வேலை எங்கே என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஐஎம்சிஏ என்று எழுதியிருந்தால் எவ்வளவு நல்ல வேறு சான்றிதழும் செல்லுபடியாகாமல் போகலாம். அமெரிக்க நிறுவனம் என்றால் நிலைமை தலைகீழாக இருக்கலாம். எந்தச் சான்றிதழையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் முழுப் படிப்பும் மறுபடி என்ற நிலை வரலாம். கடலில் சுழற்சி முறையில் இருப்பவர் அந்தத் தேதியை முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், மருத்துவப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: கட்டணம் கட்டும் முன் டைவிங் உடல்தகுதிப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். காது அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாதவரை எந்தப் பள்ளியும் சேம்பருக்குள் விடாது.