ஒரு வரி வசனம், ஒரு ரீல் ரத்தம்: வேதாகமப் படங்கள் எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன?

"அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." ரோம ஆளுநன் பிலாத்து இயேசுவைச் சாட்டையால் அடிக்கவைத்ததைப் பற்றி யோவான் சுவிசேஷம் 19:1 சொல்வது இவ்வளவுதான். மத்தேயுவும் மாற்கும் இதற்கென்று தனி வசனம்கூட ஒதுக்கவில்லை. பரபாஸ் என்ற கைதியை விடுதலையாக்கிய வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். லூக்காவில் பிலாத்து "தண்டித்து விடுதலையாக்குவேன்" என்கிறான், அடித்ததாக எழுதியில்லை. ஆணி விஷயமும் அப்படித்தான். நான்கு சுவிசேஷங்களிலும் சிலுவையில் அறையும் இடத்தில் 'ஆணி' என்ற சொல் கிடையாது. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு சீஷன் தோமா சந்தேகப்படும்போதுதான் அது வருகிறது.

அந்த ஒரு வரியை 2004-ல் வந்த 'தி பேஷன் ஆஃப் த கிரைஸ்ட்' என்ன செய்தது என்பது பார்த்தவர்களுக்கு மறக்காது. முதலில் பிரம்பு. அடி ஓய்ந்தது என்று நினைக்கும்போது இயேசு தாயைப் பார்த்தபடி எழுந்து நிற்கிறார். உடனே முனையில் கொக்கிகள் கட்டிய சாட்டை வெளியே வருகிறது. ஒரு சேவகன் அதை மேஜையில் அடித்துப் பார்க்கிறான்; மரத்தில் குத்தி நிற்கிறது, பிய்த்து எடுக்கிறான். அடுத்து அது எங்கே விழும் என்று தெரிந்த நமக்கு அந்த மேஜைதான் அடியைவிடப் பயங்கரம். மெல் கிப்சன் கைதேர்ந்த இயக்குநர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இதை 'அப்படியே வேதத்தில் உள்ளபடி' என்று சொல்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. அரமேயிக், எபிரேயு, லத்தீன் என்று பாத்திரங்கள் பேசுவதால் எல்லாமே ஆதாரமுள்ளதாகத் தோன்றிவிடுகிறது. சங்கிலியோடு இயேசுவைப் பாலத்திலிருந்து கீழே தள்ளுவது, பிலாத்துவின் மனைவி துணி கொடுக்க மரியாள் தரையிலுள்ள ரத்தத்தைத் துடைப்பது, இதெல்லாம் சுவிசேஷத்தில் இல்லை. ஆன் கேத்தரின் எமெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரீ கண்ட தரிசனங்களாக 1833-ல் வெளியான புத்தகத்தில் உள்ளவை. பக்கத்துச் சிலுவையில் தொங்கும் கள்ளனின் கண்ணைக் காகம் கொத்துவதற்கும் சுவிசேஷத்தில் இடமில்லை. கிப்சன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். படம் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஏசாயாவின் 53-ம் அதிகாரத்தில் தொடங்குகிறது. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று வேதமே அந்த உடம்பைப் பார்க்கச் சொல்கிறதே என்று அவர் கேட்கலாம். சரிதான். ஆனால் 2005-ல் ஐந்து நிமிடம்போல வெட்டி மறுபடி வெளியிட்டார்கள். கதையில் எதுவும் குறையவில்லை.

இதற்கு நேர் எதிர் பசோலினியின் 1964 இத்தாலியப் படம், 'மத்தேயுவின்படி சுவிசேஷம்'. கறுப்பு வெள்ளை. எடுத்தவர் நாத்திகர், மார்க்சியர். இயேசுவாக நடித்தது ஒரு ஸ்பானிய மாணவர். வயதான மரியாளாக இயக்குநரின் சொந்த அம்மா. பேச்செல்லாம் மத்தேயுவில் உள்ளது. விசாரணைக் காட்சியில் கேமரா கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது. முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கும் தோள்களுக்கும் இடையே, தூரத்தில் சின்னதாகத்தான் இயேசு தெரிகிறார். எட்டி எட்டிப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது. தூரத்தில் நின்ற சீஷன் பேதுருவுக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும். வன்முறையே இல்லாத படம் என்று நினைத்துவிட வேண்டாம். பெத்லகேம் குழந்தைகளை ஏரோதின் ஆட்கள் கொல்வதைக் காட்டுகிறார். அது மத்தேயு 2:16-ல் இருக்கிறது. இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

'வார்த்தைக்கு வார்த்தை' வேண்டுமென்றால் 2003-ல் வந்த 'தி காஸ்பல் ஆஃப் ஜான்' இருக்கிறது. மூன்று மணி நேரம், ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பை வரிவிடாமல் சொல்கிறது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கண்ணைச் சொக்கும். ஆனால் வார்த்தைக்கு உண்மையாக இருப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. யோவானில் இயேசுவின் எதிராளிகளைப் பெரும்பாலும் 'யூதர்கள்' என்றே சொல்லியிருக்கிறது. அதைத் திரையில் அப்படியே விட்டால் யூத வெறுப்பாகிவிடுமோ என்று தயங்கி, ஆரம்பத்திலேயே ஒரு விளக்க அட்டை போட்டிருக்கிறார்கள். கிப்சன் வேறு வழி பிடித்தார். "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று கூட்டம் சொல்லும் மத்தேயு வசனம் அரமேயிக்கில் ஒலிக்கிறது, சப்டைட்டில் மட்டும் இல்லை. முதல் வெளியீட்டில் சாட்டைக்கு இல்லாத கத்திரி அந்த வரிக்கு வந்தது.

பழைய ஏற்பாட்டுக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே வேதமே ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறது, சினிமாதான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 1956-ன் 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' நல்ல உதாரணம். பொன் கன்றுக்குட்டியின்மேல் மோசே கற்பலகைகளை எறிகிறார், பூமி பிளந்து அதைக் கும்பிட்டவர்களை விழுங்குகிறது. பார்க்கப் பிரமாதம். ஆனால் பூமி பிளப்பது எண்ணாகமம் 16, மோசேயை எதிர்த்த கோராகின் கதை. அங்கிருந்து கடன் வாங்கியது. யாத்திராகமம் 32-ல் நடப்பது வேறு. மோசேயின் கட்டளைப்படி லேவியர்கள் பட்டயத்தைக் கட்டிக்கொண்டு, பாளயத்தில் வாசலுக்கு வாசல் போய், சகோதரன், சிநேகிதன், அயலான் என்று பாராமல் வெட்டுகிறார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர் விழுகிறார்கள். நாயகன் கொலைக்கு உத்தரவிடுவதை அந்தக் காலத்து குடும்பப் படம் எப்படிக் காட்டும்? பழியைப் பூமியின்மேல் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் 2014-ன் 'நோவா'. வசனத்துக்கு வசனம் ஒப்பிட்டால் இது முதல் சுற்றிலேயே அவுட். கல் உடம்போடு நடமாடும் விழுந்த தேவதூதர்கள், சொந்தப் பேத்திகளைக் கொல்லக் கத்தி தூக்கும் நோவா என்று ஆதியாகமத்தில் இல்லாதது ஏராளம். ஆதியாகமத்து நோவா ஜலம் வற்றி, திராட்சரசம் குடித்துத் தெளியும்வரை வாயே திறப்பதில்லை. திறந்ததும் முதல் பேச்சு சாபம். படத்து நோவாவோ பேசிக்கொண்டே இருக்கிறார். ஆனாலும் ஒரு காட்சிக்காக அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பேழையின் கதவு அடைபட்டாயிற்று. வெளியே தண்ணீருக்கு மேல் மிச்சமிருக்கும் பாறையில் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் தொற்றிக்கொண்டு கதறுகிறார்கள். உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. யாரும் எழுந்து போய்க் கதவைத் திறக்கவில்லை.