வேக்ஸா, ரெசினா? எம்.சி. ரோட்டுக்கு ஒன்று, மணலிக்கு ஒன்று

"அண்ணே, கறுப்பு ரிப்பன் ரெண்டு ரோல் குடுங்க" என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "எதுல ஒட்டப் போறீங்க?" பழைய வண்ணாரப்பேட்டையில் பார்கோடு ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. ஸ்டிக்கர் பிரிண்டரில் மாட்டுகிற மை ரிப்பன் எல்லாமே பார்வைக்கு ஒரே கறுப்புதான். முடியைவிட மெல்லிய பாலியஸ்டர் படலம், பெரும்பாலும் நாலரை மைக்ரான், ஒரு பக்கம் மை. பிரிண்டர் ஹெட் சூடாகி அந்த மையை உருக்கி ஸ்டிக்கரில் ஏற்றுகிறது. மையில் மெழுகு எவ்வளவு, ரெசின் என்கிற பிளாஸ்டிக் மாதிரிப் பிசின் எவ்வளவு என்பதை வைத்துத்தான் வேக்ஸ், வேக்ஸ்-ரெசின், ரெசின் என்று மூன்று ரகம்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளின் விலைச் சீட்டுக்கு வேக்ஸ் போதும். கொஞ்சம் சூட்டிலேயே மை இறங்கிவிடும், வேகமாக அடிக்கலாம், விலையும் குறைவு. சாதாரண பேப்பரில் கறுப்பு நன்றாக எடுக்கும். சேலை விற்றதும் சீட்டைப் பிய்த்துப் போடப் போகிறார்கள், அதற்கு மேல் எதற்குச் செலவு? ஆனால் அதே சேலையில் தைக்கிற துவைப்புக் குறிப்பு நாடாவுக்கு வேக்ஸ் போட்டால் போச்சு. சோப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் மெழுகு நிற்குமா? அதற்குத் துணிக்கென்றே வரும் ரெசின் ரிப்பன் வேண்டும். ஒரே கடைக்கு இரண்டு ரிப்பன் என்றால் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

வேக்ஸின் பலவீனத்தை நான் மணலியில்தான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு டிரம் ஸ்டிக்கர் அடித்தேன். மிச்சம் பிடிக்கலாம் என்று குரோமோ பேப்பரில், அதாவது பளபளப்புப் பூச்சுப் பேப்பரில், வேக்ஸ். மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து போன்: "இன்னா சார் இது, தொடச்சா எழுத்து துணியோட வருது?" போய்ப் பார்த்தேன். டிரம் வாயில் வழிந்த கரைப்பானைத் துடைத்த இடத்தில் பேட்ச் நம்பர் ஒரு சாம்பல் தீற்றலாகக் கிடந்தது. முழு லாட்டையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். தப்பு என்னுடையது, வாதாட ஒன்றுமில்லை.

அந்த இடத்துக்கு ரெசின்தான். பாலியஸ்டர், பாலிப்ரோப்பிலீன் மாதிரி பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் இறுகப் பிடித்துக்கொள்ளும். உரசலுக்கும் பல ரசாயனங்களுக்கும் அசையாது. எல்லா ரெசினும் எல்லாக் கரைப்பானையும் தாங்கும் என்றில்லை. அதனால் வாங்குகிறவரின் கரைப்பானையே பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் ஆர்டர் எடுக்கிறேன். துறைமுகம் வழியாகக் கப்பலேறும் அபாயச் சரக்கு என்றால் இன்னும் கறார்: கடல்நீரில் மூன்று மாதம் கிடந்தாலும் விவரம் தெரிய வேண்டும் என்கிறது சர்வதேச விதி. அதற்கான பிஎஸ் 5609 என்கிற பிரிட்டிஷ் தரச் சோதனையில் ஸ்டிக்கரும் ரிப்பனும் சேர்ந்துதான் தேற வேண்டும். ஒன்று மட்டும் உசத்தியாக இருந்து பயனில்லை.

ரெசினின் தொல்லைகளும் உண்டு. சூட்டைக் கூட்ட வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், விலையோ மடங்குக் கணக்கில் ஏறும். அதைக் கொண்டுபோய்ச் சாதாரண பேப்பரில் அடித்தால் மை சரியாகவே ஒட்டாது.

நடுவிலிருக்கும் வேக்ஸ்-ரெசினைப் பலர் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டிக்கு ஸ்டிக்கர் கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். ஈரக் கையால் தள்ளுவார்கள், பெட்டியோடு பெட்டி உரசும். அதற்கு வேக்ஸ் மங்கும், ரெசின் தேவைக்கு மேல். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: எந்த ரிப்பன் போட்டாலும் பேப்பர் ஐஸ் தண்ணீரில் ஊறினால் எழுத்தோடு சேர்ந்து கூழாகிவிடும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர், குளிரில் விடாத பசை, அப்புறம் ரிப்பன்.

ரிப்பனே இல்லாமல், ஹெட்டின் சூட்டில் தாளே கறுத்து எழுத்தாகிற தெர்மல் ஸ்டிக்கரைப் பற்றியும் கேட்பார்கள். கூரியர் பார்சலுக்குச் சரி. வெயிலில் நிற்கிற கன்டெய்னர் யார்டுக்கு வேண்டாம், வெயில் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும்.

எதை வாங்கினாலும் ஸ்டிக்கரைவிட ரிப்பன் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஹெட் நேராகத் தாளில் உரசித் தேயும். ரோலில் மை உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதையும் உங்கள் பிரிண்டருக்குத் தகுந்தபடி கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் வெளிப்பக்கத்தில் செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள்: டேப்பில் கறுப்பு வந்தால் மை வெளியே. இதைப் பார்க்காமல் மாட்டிவிட்டு, வெள்ளையாக வருகிறது, பிரிண்டர் ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மாதம் இரண்டு பேராவது உண்டு.