வாளா, வாரிசா? செண்பகப் பெருமாள் விட்டுப்போன நல்லூர்

மாமாவின் வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வெள்ளாமை விளைந்து, யானைக் காவலுக்காக வாடியில் படுக்கும் இரவுகளில் அவர் எடுக்கும் பேச்சு ஒன்றுதான்: செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தில் தோற்றிருந்தால்? 1450இல், கொழும்பை அடுத்த கோட்டை என்ற நகரிலிருந்து ஆண்ட சிங்கள அரசின் படை, யாழ்ப்பாணத் தலைநகரான நல்லூரைப் பிடிக்காமல் திரும்பியிருந்தால் இலங்கைத் தமிழரின் கதையே வேறு என்பது அவர் கட்சி. சண்டை கிடக்கட்டும், 1467இல் அவன் நல்லூரை விட்டுப் புறப்படாமல் இருந்திருந்தால் என்று கேளுங்கள் என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டான். இலங்கை முழுவதையும் தன் கீழ்க் கொண்டுவந்த கடைசி உள்நாட்டு மன்னன் அவன். அவன் வளர்த்த பிள்ளை செண்பகப் பெருமாள். சிங்களத்தில் சப்புமல் குமாரயா. அவனுடைய தந்தை இந்தியாவிலிருந்து வந்த பணிக்கர் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூத்தோ எழுதுகிறார். ஏறாவூர்ப் பக்கம் பணிக்கர் என்றால் யானை பிடிப்பவர். இங்கே அது போர்ப்பயிற்சி ஆசானைக் குறிக்கிறது. முதற் படையெடுப்பு பலிக்கவில்லை. இரண்டாவதில் நல்லூர் விழுந்தது. யாழ்ப்பாணத்தைப் பரம்பரையாக ஆண்ட சிங்கையாரியர் வம்சத்து மன்னன் கனகசூரிய சிங்கையாரியன் தன் பிள்ளைகளுடன் தமிழகத்துக்குத் தப்பினான். பதினேழு ஆண்டுகள் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தை ஆண்டான்.

1467இல் கிழவன் பராக்கிரமபாகு இறந்தான். முடி வளர்ப்பு மகனுக்குப் போகவில்லை. மகள் உலகுடைய தேவியின் மகன் ஜயபாகுவுக்குப் போனது. செண்பகப் பெருமாள் படையோடு தெற்கே இறங்கி, ஜயபாகுவைக் கொன்று, ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையில் அமர்ந்தான். அந்த இடைவெளியில் கனகசூரியன் திரும்பிவந்து நல்லூரை எடுத்துக்கொண்டான்.

இப்போது மாமாவின் கட்சியைப் பார்ப்போம். 1450இல் தோல்வி. செண்பகப் பெருமாள் களத்தில் செத்திருப்பான், அல்லது தலை குனிந்து திரும்பியிருப்பான். சிங்கையாரியர் அசையாமல் இருந்திருப்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1480ஆம் ஆண்டுக்கு வந்து நல்லூர் அரியணையைப் பாருங்கள். நடந்த வரலாற்றில் அங்கே இருப்பவன் கனகசூரியனின் மகன் பரராசசேகரன். மாமாவின் வரலாற்றிலும் பெரும்பாலும் அவனேதான் இருப்பான்! நாடுகடந்து வளர்ந்த இளவரசனுக்குப் பதில் அரண்மனையில் வளர்ந்த இளவரசன், அவ்வளவே வித்தியாசம். பதினேழு ஆண்டில் துடைத்தெறியப்பட்ட ஒரு வெற்றியை மாமா வரலாற்றின் அச்சாணி ஆக்குகிறார்.

ஒன்றை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். அந்தப் போர் வடக்கை மாற்றியதைவிடத் தெற்கைத்தான் அதிகம் மாற்றியது. நல்லூரில் வென்றிராவிட்டால் செண்பகப் பெருமாளுக்குச் சொந்தமாக ஒரு படையும் பேரும் கிடைத்திரா. 1467இல் ஜயபாகுவை எதிர்க்க அவனிடம் எதுவும் இருந்திராது. வெற்றிச் செய்தியையும் உலகுடைய தேவிக்கு ஆண் குழந்தை வேண்டும் என்ற வேண்டுதலையும் ஒரே சிங்களத் தூதுக் கவிதை சுமந்து செல்கிறது. தோட்டகமுவ ஸ்ரீ ராகுல தேரரின் செலலிஹினி சந்தேசய அது. களனியில் தெய்வமாக வணங்கப்படும் விபீஷணனிடம் ஒரு பறவை போய், இளவரசிக்கு மகன் வேண்டும் என்று கேட்க வேண்டும். புறப்படும்போது, யாழ்ப்பாணத்தை வென்று திரும்பும் சப்புமலையும் அது காணும். ஒரே பாட்டில் புகழப்பட்ட வீரனும் வேண்டப்பட்ட வாரிசும் பின்னால் முடிக்காக மோதிக்கொண்டார்கள். சண்டை வாரிசுப் பிரச்சினைக்குள் போய்த்தான் பலன் தந்தது என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி என் கட்சி. ராஜா இறந்த செய்தி நல்லூருக்கு வருகிறது. செண்பகப் பெருமாள் குதிரையைக் கொட்டிலில் கட்டிவிட்டு இருந்துவிடுகிறான்.

மட்டக்களப்பார் இதை வயல் கணக்கில் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள். மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் பழைய சட்டத்தில் முதுசம் வேறு, தேட்டம் வேறு. முதுசம் குடிச் சொத்து. அது வயிற்றுவார் வழியே, அதாவது தாய்வழியாக, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். தானாகத் தேடிய தேட்டத்தில்தான் ஒருவனுக்குக் கை சுதந்திரம். ஆங்கிலேயர் காலச் சட்டம் அதை ஓரங்கட்டினாலும் கோயில் உரிமைகளில் அந்தக் கணக்கு இன்றும் ஓடுகிறது. கோட்டை செண்பகப் பெருமாளுக்கு அடுத்தவர் முதுசம். யாழ்ப்பாணம் அவன் சொந்தத் தேட்டம். வாளால் தேடிய நிலத்தைப் போட்டுவிட்டு, தனக்கு எழுதித்தராத சொத்துக்கு வழக்காடப் போனான். எங்கள் ஊரில் இதைச் செய்தால் பைத்தியம் என்பார்கள்.

அவன் இருந்திருந்தால் வடக்கில் சிங்கையாரியருக்குப் பதில் ஒரு புவனேகபாகு வம்சம் வேர்விட்டிருக்கும். பதினேழு ஆண்டுகளாகத் தமிழ் மக்களை ஆண்டு பழகியவன் அவன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பூசையில் உரக்கச் சொல்லும் புகழ்மொழியான கட்டியத்தில் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் இன்றும் ஒலிக்கிறது. துரத்தப்பட்ட கனகசூரியனுக்கு, தலைவனில்லாத நாட்டுக்குத் திரும்புவது எளிதாக இருந்தது. படையோடு உட்கார்ந்திருப்பவனிடம் அவன் எப்படித் திரும்பியிருப்பான்? முத்துக்குளிப்பும் யானை வியாபாரமும் கடல்வழியும் கையில் இருக்கும் ஓர் அரசு, கோட்டைக்கு உறவாகவும் இல்லாமல் பகையாகவும் இல்லாமல் நின்றிருக்கும். 1505இல் போர்த்துக்கேயர் வந்தபோது அவர்கள் பேசவேண்டிய அரசுகளின் முகமே மாறியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கிழவனே வளர்ப்பு மகனுக்கு முடியை எழுதித்தந்திருக்கலாம். அப்போது முழு இலங்கையும் ஒரே கையில் நீடித்திருக்கும் என்று சிலர் கனவு காண்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறாம் புவனேகபாகு கோட்டையில் அமர்ந்த பிறகும் தெற்கில் கலகம் எழுந்தது. தெதிகமக் கல்வெட்டு அதற்கு வழங்கிய மன்னிப்பைச் சொல்கிறது. வளர்த்தவன் கையால் பட்டம் பெற்றிருந்தாலும் அந்தக் கலகக்காரர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள்.

நமக்கு, அதாவது கிழக்குக்கு, என்ன? இங்கேதான் மாமாவும் நானும் ஒரே பக்கம். நல்லூரில் யார் இருந்தாலும் இங்கே வன்னிமைகள் எனும் உள்ளூர்ச் சிற்றரசர்கள் தங்கள் ஏரியோரத்தில் தாங்களே ஆண்டிருப்பார்கள். எங்களை அதிகம் தொட்டது கண்டி. கோட்டையில் வாரிசுச் சண்டை ஓய்வதற்குள் அங்கே சேனாசம்மத விக்கிரமபாகு தனி அரசனாகிவிட்டான். 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியபோது அவர் தேடிப்போன ராஜா கண்டியில்தான் இருந்தார். ஜயபாகு நிம்மதியாக ஆண்டிருந்தால் மலைநாடு அவ்வளவு சுலபமாகக் கழன்றிருக்குமா? என் கட்சி இங்கேயும் கொஞ்சம் கனமாகவே நிற்கிறது என்று நினைக்கிறேன்.

திருக்கோவில் போகும்போதெல்லாம் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டைப் பார்ப்பேன். அதிலும் ஒரு விஜயபாகு ஸ்ரீ சங்கபோதி என்ற விருதுடன் நிற்கிறான். நல்லூர்க் கட்டியத்தின் அதே சொல்.

மருமக்கள் வழக்குப்படி பார்த்தால் கோட்டை முடி ஜயபாகுவுக்கும் இல்லை, செண்பகப் பெருமாளுக்கும் இல்லை, பராக்கிரமபாகுவின் சகோதரி மகனுக்குத்தான் என்று போன கிழமை மாமாவிடம் சொன்னேன். அரியணை என்ன வயலா என்று கேட்டார். அவர் இன்னும் 1450 பக்கம்தான். மாமா எங்கள் கோயில் வண்ணக்கர், அதாவது நிர்வாகப் பொறுப்பாளர். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு சகோதரி மகனான என் அண்ணனுக்கா எனக்கா என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆகவே நான் அதிகம் எதிர்வாதம் செய்யவில்லை.