ஆஸ்லோவில் ஒரு நாள்: எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம்?

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஓவியர் எட்வர்ட் முங்க்கின் பெயரில் உள்ள முங்க் அருங்காட்சியகமா, தேசிய அருங்காட்சியகமா? பலர் யோசிக்காமல் முதலாவதற்கே போகிறார்கள். அவருடைய புகழ்பெற்ற ‘அலறல்’ (The Scream) ஓவியம் அங்கேதானே இருக்கும் என்ற நினைப்பு. ஆனால் நாம் படங்களில் பார்த்துப் பழகிய 1893-ஆம் ஆண்டு ஓவியம் இருப்பது தேசிய அருங்காட்சியகத்தில்.

அந்த ஓவியத்தின் இடது மேல் மூலையைக் கவனியுங்கள். சிவந்த வானத்தின் மேல் பென்சிலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வரி இருக்கும்: பைத்தியக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று. பார்க்க வந்த யாரோ கிறுக்கிவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அகச்சிவப்புப் படம் எடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதியவர் எட்வர்ட் முங்கேதான் என்று 2021-இல் அறிவித்தார்கள். அவருடைய மனநிலையைப் பற்றி ஊர் பேசிய பேச்சு அவரை எவ்வளவு சுட்டிருக்க வேண்டும்!

முங்க் அருங்காட்சியகத்திலும் ‘அலறல்’ உண்டு. 1893-இன் கிரேயான் படம், 1895-இல் கல்லில் வரைந்து எடுத்த அச்சுப்படம், பின்னாளில் மீண்டும் தீட்டிய ஓவியம் என மூன்று வடிவங்கள். இருட்டறையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டுவார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் மற்றவை ஓய்வில் இருக்கும். 13 மாடிக் கட்டடம், 2021-இல் திறந்தது. முங்க் தன் படைப்புகளை ஆஸ்லோ நகரத்துக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஓவியம், அச்சுப்படம், கோட்டோவியம் என்று 26,000-க்கும் மேல்.

அங்கே என்னைக் கட்டிப்போடுவது அச்சுப்படங்கள்தான். மரக்கட்டையைச் சிறு ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, துண்டுக்கு ஒரு நிறம் பூசி, மறுபடி சேர்த்து வைத்து ஒரே அழுத்தில் அச்செடுத்தவர் அவர். ‘முத்தம்’ மரச்செதுக்கில் பின்னணியே மரத்தின் ரேகைதான். ஒரு மனிதர் ஒரே விஷயத்தை எத்தனை விதமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார் என்பது இங்கேதான் புரியும். மற்றக் கலைஞர்களின் தற்காலிகக் கண்காட்சிகளும் உண்டு. 2021-இல் தொடக்கமே பிரிட்டிஷ் கலைஞர் டிரேசி எமினோடுதான்.

தேசிய அருங்காட்சியகத்தின் வீச்சு வேறு. 2022-இல் புதிய கட்டடத்தில் திறந்தபோது 6,000-க்கும் மேற்பட்ட பொருள்களைக் காட்சிக்கு வைத்தார்கள். சுமார் 900 ஆண்டுப் பழமையான பால்டிஷோல் நெய்யோவியம், அரசிகளின் உடைகள், நாற்காலிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்த நெய்யோவியம், ஒரு தேவாலயத்தை இடித்தபோது அழுக்குத் துணியாகக் கிடைத்தது! அப்புறம் மாரெட் ஆன்னே சாராவின் திரை: குண்டு துளைத்த 400 பனிமான் மண்டையோடுகளைக் கோத்துத் தொங்கவிட்டது. தன் தம்பியின் மந்தையைக் குறைக்கச் சொன்ன அரசை எதிர்த்து, வட நார்வேயில் பனிமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற பழங்குடியைச் சேர்ந்த அந்தப் பெண் செய்தது. அந்த நாட்டின் இன்றைய சண்டை அது.

ஒரு நாள்தான் என்றால் தேசிய அருங்காட்சியகம் என்பேன், தயங்காமல். முங்க்கை அவருடைய ஊரோடும் காலத்தோடும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டாம் நாள் கிடைத்தால் முங்க் அருங்காட்சியகத்துக்கு. அங்கே அச்சுப்படங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் இடையே துறைமுகக் கரையோரம் நடந்தே போய்விடலாம். தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.