கணித வகுப்பு நன்று, விடைத்தாளில் ஊர்ப் பெயர் எதற்கு?

மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தின் சாதாரண தரக் கணித வகுப்புக்கு என் மகளைப் பத்து மாதங்கள் அனுப்பினேன். நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன்னர் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து படிக்கப் போனவன் நான். மகளுக்கு அந்த அலைச்சல் இல்லை.

கற்பித்தலில் குறை சொல்ல இடமில்லை. கேத்திரகணித நிறுவல்களை ஆசிரியர் வரிக்கு வரி காரணத்தோடு எழுதிக் காட்டுகிறார். கடந்தகால வினாத்தாள்களைப் பாடவாரியாகப் பிரித்துத் தருகிறார். கட்டணமும் நியாயமானது.

என் மனத்தாங்கல் வேறு. வாராந்தப் பரீட்சையின் விடைத்தாளில் பெயருக்கும் மேலே ஊரை எழுதச் சொல்கிறார்கள். பதிவுக்காக என்று அலுவலகத்தில் விளக்கினார்கள், நானும் நம்பினேன். ஆனால் திருத்திய தாள்களைக் கொடுக்கும்போது ஊரையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். புள்ளி குறைந்தால் "படுவான்கரைதானே, வயலும் மாடும் போதும்" என்று ஒரு பகிடியும் வரும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலுள்ள பிள்ளை அதே கணக்கில் பிழைவிட்டால் அது கவனக்குறைவு, எங்கள் பிள்ளை விட்டால் அது ஊரின் குணம். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும்தான் இருக்கிறது என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியாததல்ல.

ஒருநாள் மகளின் கொப்பியைப் புரட்டினேன். முன்பெல்லாம் பேனையால் நேரே செய்தவள், பென்சிலால் எழுதி, தாள் மெலியும்வரை அழித்து அழித்து எழுதியிருந்தாள். ஓர் இருபடிச் சமன்பாட்டில், அழித்த தடத்தின் கீழே சரியான விடை மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் எழுதியிருந்தது பிழை. ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "எனக்கு வந்த விடை சரியா இருக்காது என்டு நினைச்சன் அப்பா" என்றாள்.

இது என் பிள்ளையின் கூச்ச சுபாவம் மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர்களான குளோட் ஸ்டீலும் ஜோசுவா அரன்சனும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சை அறிவாற்றலை அளப்பதற்கானது என்று சொல்லப்பட்டபோது கறுப்பின மாணவர்களின் புள்ளி இறங்கியது. இன்னொரு பரிசோதனையில், தொடங்குமுன் தாளில் இனத்தைக் குறிக்கச் சொன்னதே அதற்குப் போதுமாயிருந்தது. அந்தத் தாக்கம் எவ்வளவு பெரியது என்பதில் பின்னர் ஆய்வாளரிடையே வாதம் எழுந்தது உண்மைதான். ஆயினும் தம்மைப் பற்றிய இழிவான கணிப்பு நினைவுக்கு வந்ததும், கணக்கில் இருக்க வேண்டிய கவனத்தில் ஒரு பகுதி, அக்கணிப்பை மெய்ப்பித்துவிடுவோமோ என்ற அச்சத்துக்குப் போய்விடுகிறது என்ற விளக்கம் அந்தக் கொப்பியைப் பார்த்த எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அரச பரீட்சையின் விடைத்தாளில் பெயர்கூட எழுதுவதில்லை, சுட்டெண் மட்டுமே. இங்கும் அப்படியே செய்யலாம் என்று எழுதிக் கொடுத்து இரண்டு மாதங்களாகின்றன, பதில் இல்லை. கணிதத்துக்காக இந்த வகுப்பில் தாராளமாகச் சேர்க்கலாம். படுவான்கரையிலிருந்து அனுப்புவோர் புள்ளியை மட்டும் கேட்காமல், வாரத்தில் ஒருமுறை கொப்பியையும் வாங்கிப் பாருங்கள்.